நாற்பத்தைந்தில் ஓடிய தட்டு

முத்துமணியிடம் நூற்றுப் பதினான்கு ராக் இசைத்தட்டுகள் இருந்தன. எல்லாம் பெங்களூரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பொறுக்கியவை. ஒசூரில் ஒரு தொழிற்சாலையில் அவன் தரப் பரிசோதகர். ஒரு மயிரிழை பிசகினாலும் பொருளை ஒதுக்கிவிடுகிற வேலை. தட்டுகளிடமும் அவன் அப்படித்தான். ஒருமுறை கேட்டுப் பிடிக்காவிட்டால் அலமாரியின் கீழ் அடுக்குக்குத் தள்ளிவிடுவான்.

2005 ஆயுத பூஜை விடுமுறையில், அந்த அடுக்கு காலியானால் மளிகை டப்பாக்களை வைக்கலாம் என்றாள் மனைவி சத்யப்ரியா. விற்பதற்குமுன் கடைசியாக ஒருமுறை கேட்டுவிடுவோம் என்று மத்திகிரி வாடகை வீட்டின் கூடத்தில் உட்கார்ந்தான். மூன்றாவதாக வந்தது கூரைமேல் ஆடு நிற்கிற அட்டை. யாரும் பேர்கூடக் கேள்விப்படாத குழு. பாடகன் எட்டு வருடத்துக்கு முன்பு போலவே தூக்கத்தில் முனகினான்.

"எருமை கத்துற மாதிரி இருக்குதுங்க" என்றபடி சத்யப்ரியா பிளேயரின் ஓரத்தைத் துடைத்தாள். துணி பட்டு வேகக் குமிழ் நகர்ந்தது.

அவ்வளவுதான். முரசு எகிறியது, கிதார் கூரையைப் பிய்த்தது. எருமை போய், கணீரென்ற பெண்குரல் ஒன்று கூடத்தை நிறைத்தது. முத்துமணி தட்டை எடுத்து, நடுவில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை நகத்தால் சுரண்டினான். அடியில் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று என்று போட்டிருந்தது. எட்டு வருடத்துக்கு முன்பு அதை முப்பத்துமூன்றில் ஓட்டித்தான் ஒதுக்கியிருக்கிறான்.

"பாடுனது பொம்பளைங்களா?" என்றாள் அவள். அவனுக்கு வெட்கத்தில் தொடங்கிய சிரிப்பு அடங்கவே இல்லை. நான்கு முறை போட்டார்கள். அடுப்பில் பருப்பு தீய்ந்தது.

ஐந்தாம் முறை சுழலும்போது அவனுக்குப் பகீரென்றது. இதே குழுவின் இன்னொரு தட்டை, தண்டம் என்று சொல்லி, கூட வேலை பார்க்கும் சூளகிரி மாதேஷிடம் கொடுத்திருந்தான். அடுத்த நிமிடம் பிளேயரைப் போர்வையில் சுற்றி சத்யப்ரியாவின் மடியில் வைத்து, ஸ்கூட்டரைக் கிளப்பினான். சூளகிரி வரைக்கும் லாரிகளுக்கு நடுவே அவள் அந்தப் பாட்டைக் கத்திப் பாடிக்கொண்டே வந்தாள். வார்த்தை எதுவும் புரியவில்லை, மெட்டு மட்டும் தப்பவில்லை.

மாதேஷ் வீட்டுச் சுவரில் அந்தத் தட்டு கடிகாரமாகத் தொங்கியது. முன்பக்கம் முழுக்க எண்கள் ஒட்டி, முள் மாட்ட நடுத்துளையைப் பெரிதாக்கியிருந்தான்.

"நீதானடா தண்டம்னு குடுத்த" என்று அவன் பரிதாபமாகப் பார்த்தான்.

முத்துமணி முள்ளையெல்லாம் கழற்றிவிட்டுத் தட்டைத் திருப்பிப் பார்த்தான். சுவர்ப் பக்கம் ஒரு கீறலும் இல்லை. ஆனால் அகன்ற துளையில் தட்டு ஆடியது. பிளேயரின் நடுக்குச்சியில் மெல்லிய டேப்பைச் சுற்றினான். போட்டுப் பார்த்தான், இன்னும் அரைச் சுற்று சுற்றினான். தொழிற்சாலையில்கூட அவன் இவ்வளவு நிதானமாக எதையும் அளந்ததில்லை. கடைசியில் தட்டு அசையாமல் சுழன்றது. சத்யப்ரியா தானே குமிழை நாற்பத்தைந்துக்குத் திருப்பினாள்.

அதே கணீர்க் குரல். மாதேஷ் முதலில் தலையை ஆட்டினான், பிறகு தோளை. இரண்டாவது பாட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்தின் நடுவுக்கு வந்துவிட்டான்.