பரீட்சைக்கு வந்த நெஞ்சு

மில்லர்புரத்தில் எங்கள் பலசரக்குக் கடைக்கு வருகிற யாரையும் கேட்டுப் பாருங்கள், இந்தச் சீனித்தாய் வருடத்தில் ஒருநாள் கடையில் இருக்க மாட்டாள் என்பார்கள். அன்று பெரியாஸ்பத்திரியில் எம்.டி. பரீட்சை. பொது மருத்துவம் படிக்கிற டாக்டர்கள் நோயாளியைத் தொட்டுப் பார்த்து, இன்ன வியாதி என்று வெளியூர்ப் பேராசிரியர்கள் முன்னால் சொல்ல வேண்டும். என் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது. அதிலிருந்து வருகிற சத்தம் அவ்வளவு சுத்தமாம். அதனால் போன் போட்டு என்னைக் கூப்பிடுவார்கள். நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போவேன். சிரிக்காதீர்கள். உங்கள் நெஞ்சைக் கேட்டு எத்தனை டாக்டர் பாஸாகியிருக்கிறார்கள்?

இந்த வருடம் என் கட்டிலுக்கு வந்தவள் இசக்கிசெல்வி. கயத்தாறுக்காரி. எம்.டி. முதல் வருடத்தில் ரத்தம் எடுக்க நரம்பு அகப்படாமல் என் கையைக் குத்திக் குத்தி நீலம் பாய வைத்தவள். நான் வைத வசவில் வார்டே திரும்பிப் பார்த்தது. அழுதுகொண்டு போனவள், மறுநாள் ஊசியோடு என்னிடமே வந்து நின்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அதன் பிறகு எப்போது போனாலும் அவள் வார்டில்தான் கிடப்பாள். இன்று கோட்டை விட்டால் ஆறு மாதம் கழித்து மறுபடி பரீட்சை. முகம் வெளிறியிருந்தது, பாவம்.

"ஏளா, பயப்படாத. மைட்ரல் வால்வு சுருக்கம். அத அப்படியே சொல்லிரு," என்று மெதுவாகச் சொன்னேன். வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் நான் இப்படித்தான் எடுத்துக் கொடுப்பது.

"சும்மா இருங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்." என் நாடியைப் பிடித்தாள். "ஒடம்புக்கு என்ன செய்யுதுன்னு சொல்லுங்க."

எனக்கு மனப்பாடம்தானே? கடகடவென்று ஒப்பித்தேன். "மாடி ஏறினா மூச்சு வாங்கும். மல்லாந்து படுத்தா இருமல் வரும். கால் வீக்கம் கெடையாது. படபடப்பு கெடையாது."

அவள் விரலை எடுக்கவில்லை. "இது போன வருசம் சொன்னதுல்லா? இன்னைக்கு உள்ளதச் சொல்லுங்கக்கா."

எனக்குச் சுருக்கென்றது. உள்ளது என்னவென்றால், கொஞ்ச நாளாக நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது. சொன்னால் பரீட்சைக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்று வாயே திறக்கவில்லை.

"கைக்குள்ள கோழிக்குஞ்சு கெடந்து துடிக்குத மாதிரி அடிக்கி," என்றேன்.

பேராசிரியர்கள் வந்தார்கள். வால்வு சுருக்கம், அதோடு நாடித் துடிப்பும் புதிதாக ஒழுங்கு தப்பியிருக்கிறது, இதயத்தில் ரத்தம் உறைந்தால் பக்கவாதம் வந்துவிடும் என்று இசக்கிசெல்வி சொன்னாள். இங்கிலீஷில்தான் சொன்னாள். வருடா வருடம் கேட்கிற எனக்கு அது புரியாதா? பக்கவாதம் என்றதும் கையையும் காலையும் ஒருதரம் ஆட்டிப் பார்த்துக்கொண்டேன்.

வெளியூர்ப் பேராசிரியர் புருவத்தைத் தூக்கினார். "இந்தம்மாவுக்கு நாடி சீரா இருக்குன்னுதானே எங்களுக்குச் சொன்னாங்க. மாத்திச் சொல்றீங்களா?"

சரி என்று தலையாட்டித் தொலையேன் பிள்ளை என்று மனசுக்குள் கத்தினேன்.

"இல்ல சார்," என்றாள். சொன்னதை மாற்றவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது சொல்லிக் கொடுத்தீங்களாம்மா?"

எனக்கு வந்ததே கோபம்! எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "ஆமா சார், சொல்லிக் குடுத்தேன். தப்பாத்தான் சொல்லிக் குடுத்தேன். இந்தப் புள்ள கேக்கலயே!"

அவர் என் நாடியைப் பிடித்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். பிறகு அவளைப் பார்த்து, "நீங்க சொன்னதுதான் சரி டாக்டர்," என்றார். டாக்டர் என்றார்!

என்னை வீட்டுக்கு விடவில்லை. ஈசிஜி எடுத்து, பட்டுப்புடவையோடு வார்டில் படுக்க வைத்துவிட்டார்கள். சாயங்காலம் இசக்கிசெல்வி ஊசியோடு வந்தாள்.

"ரிசல்ட்டு என்னாச்சுளா?"

"பாஸுக்கா. கைய நீட்டுங்க, ரத்தம் உறையாம இருக்க மருந்து குடுக்கணும். அதுக்கு முந்தி டெஸ்ட் பாக்கணும்."

ஒரே குத்து. ஊசிக்குள் ரத்தம் சரசரவென்று ஏறியது. கொஞ்சம்கூட வலிக்கவில்லை, எனக்குத்தான் கண்ணீர் நிற்கவில்லை.

"வலிக்கா? எதுக்குக்கா அழுதீங்க?"

"போளா," என்றேன், பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கட்டும் என்று. "என் கையில படிச்சவளாக்கும் நீ."