கிண்ணங்கள் சுற்றவில்லை

கம்பத்தின் உச்சியில் காற்றுமானியின் மூன்று கிண்ணங்களும் உறைபனி அப்பி அசையாமல் நிற்பதை லீட்டியா அப்போதுதான் பார்த்தாள். காற்றோ கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தது. வானிலை நிலையத்துக்குள் திரையில் காற்றின் வேகம் பூஜ்யம். நேற்றும் பூஜ்யம், முந்தாநாளும் பூஜ்யம். தினமும் காலையில் ஏறி உறைபனியைத் தட்டிவிடுவது அவள் வேலை. இடுப்பு வலி என்று இரண்டு நாள் ஏறவில்லை. அன்றாட அறிக்கையில் ‘தட்டியாயிற்று’ என்ற கட்டத்தில் மட்டும் மறக்காமல் குறி போட்டிருந்தாள். சே, என்ன காரியம் செய்துவிட்டாள்!

அந்தப் பூஜ்யத்தை நம்பித்தான் தெற்கே முன்னறிவிப்பு அலுவலகம் மூன்று நாளும் அமைதி என்று எழுதியது. அதை நம்பித்தான் அவள் மகன் ஜெய்பீட்டி சீல் வேட்டைக்குக் கடல்பனியின் விளிம்புவரை போயிருக்கிறான். காற்று கரையிலிருந்து அடித்தால் விளிம்பு பிளந்து ஆளோடு மிதந்து போய்விடும்.

முன்னறிவிப்பு அலுவலகத்தில் அன்று பணியில் இருந்த டேரில்தான் போனை எடுத்தான்.

"தம்பி, ரெண்டு நாளா நான் அனுப்புன காத்து அளவு பொய். கிண்ணம் உறைஞ்சு கெடந்திருக்கு."

"தட்டியாச்சுன்னு குறி போட்டிருக்கீங்களேக்கா?"

"போட்டேன். என்னைய அப்புறமா வேலைய விட்டுத் தூக்கு. மொதல்ல எச்சரிக்கை போடு."

"புதுசாக் கணக்குப் போட்டு வர ஒரு மணி நேரமாவது ஆகுமே."

ஒரு மணி நேரமா! ரேடியோவை எடுத்தாள். ஊரில் எல்லார் சமையலறையிலும் அதே அலைவரிசைதான் ஓடிக்கொண்டிருக்கும்.

"அப்பா, கேக்குதா?" மகன் அவள் தகப்பனின் பெயரைச் சுமப்பவன். அதனால் ஊர் வழக்கப்படி அவளுக்கு அவன் அப்பா, அவனுக்கு அவள் மகள்.

"சொல்லு மகளே. கறிக்கு அதுக்குள்ள அவசரமா?"

"உடனே திரும்பு. காத்து வருது."

"ஒன் ஸ்டேஷன்தான் காத்தே இல்லைங்குதே!" சிரித்தான். "இப்பத்தான் ஒண்ணு தலையக் காட்டுச்சு. கொஞ்சம் பொறு."

ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்கட்டும்.

"ஸ்டேஷன் சொன்னது பொய்யிப்பா. நான் கம்பத்துல ஏறவே இல்ல. ஏறுனேன்னு எழுதிட்டேன்."

பனிவண்டியைக் கிளப்பும் கயிற்றை இழுக்கும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

"மகளே," இப்போது குரலில் சிரிப்பில்லை. "எனக்கும் கரைக்கும் நடுவுல கறுப்பா ஒரு தண்ணிக் கோடு தெரியுது. தாண்டிரலாம்னு நெனைக்கிறேன்."

எஞ்சின் உறுமியது. பிறகு ரேடியோவில் இரைச்சல்தான்.

லீட்டியா கம்பத்தில் ஏறினாள். இடுப்பு வலி எங்கே போனதோ. கைமுட்டியால் தட்டித் தட்டி உறைபனியை உதிர்த்தாள். கிண்ணங்கள் ஒரு முறை தயங்கிவிட்டு, மூன்றும் ஒன்றாகத் தெரியும்படி சுழலத் தொடங்கின. பக்கத்தில் காற்றுத் திசைகாட்டியின் வால் நேராகக் கடலைப் பார்த்தது; காற்று கரையிலிருந்துதான். காற்றையே நிறுத்திவிடலாம் என்பதுபோல், அவளை அறியாமல் கை நீண்டு கிண்ணங்களை இறுகப் பிடித்தது. கீழே திரையில் மறுபடி பூஜ்யம் விழுந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் திறந்தாள்.