புழுவின் கட்சி

எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் நத்தையின் கட்சி. போன கோடைவரை நானும் அப்படித்தான்.

முளா ஆற்றோரக் குட்டைகளில் வாழும் நத்தைக்குள், மாட்டின் ஈரலைக் கெடுக்கும் புழு இளம்பருவத்தில் நுழையும். நத்தையின் ரத்த அணுக்கள் அதை அந்நியன் என்று கண்டுகொண்டால் ஓடி வந்து ஒட்டி, அடுக்கடுக்காக மூடிக் கொன்றுவிடும். சில புழுக்கள் மட்டும் அணுக்களை ஏமாற்றிவிட்டு உள்ளேயே குடித்தனம் நடத்தும். எப்படி என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

கோடையில் என் சிறுநீரகம் ஒன்றை என் கணவர் நீலுக்கு வைத்தார்கள். அன்றே கட்சி மாறிவிட்டேன். அவர் உடம்புக்குள் அந்நியன் நான்தானே. அவருடைய அணுக்கள் என்னைக் கண்டுகொள்ளாமல் இருக்கத்தான் வேளை தவறாமல் மாத்திரை.

இந்த வாரம் அவருக்குக் கால் வீங்கியது. நேற்று அந்தச் சிறுநீரகத்தில் ஊசி விட்டுத் துளி சதை எடுத்தார்கள். இன்று முடிவு வரும். நான் கட்டிலருகே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பயமாக இருக்கிறதாம்; தன் தம்பி கிரேக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு என்னை வேலைக்குத் துரத்திவிட்டார்.

காலையில் என்னோடு வேலை பார்க்கும் சுப்ரஜா, ஒரு தட்டில் நத்தையின் அணுக்களோடு புழுவை விட்டிருந்தாள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். புழு தனியாக நெளிந்துகொண்டிருந்தது. அணுக்கள் கிட்டவே வரவில்லை. வாய்விட்டு அப்பாடா என்றேன். சுப்ரஜா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்கு அது தோல்வி.

மறுபடி பார்த்தபோது ஓர் அணு ஒட்டியிருந்தது. பிறகு இன்னொன்று. தட்டை ஓர் ஆட்டு ஆட்டினால் உதிர்ந்துவிடும் என்று கைகூடப் போய்விட்டது. சுப்ரஜா பக்கத்தில் நின்றதால் இழுத்துக்கொண்டேன். கர்த்தரே, இந்தப் புழுவை விட்டுவிடும் என்று ஜெபித்தேன். புழுவுக்காக ஜெபித்தவள் எங்கள் சபையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன் அடித்தது. நீல்தான்.

"ஜெபிம்மா, டாக்டர் வந்துட்டுப் போனாரு. உன் கிட்னிக்குள்ள என் செல்ஸ் பூந்திடுச்சாம். அபி தோ ஷுரூ ஹுவா ஹைன்னாரு. இப்பதான் ஆரம்பம், ஊசி போட்டா அடங்கலாமாம்."

நான் மறுபடி மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். அவரே தினமும் கேட்பதைக் கேட்டார்.

"உன் நத்தை இன்னைக்கு என்ன பண்ணுது?"

"சும்மாதாங்க இருக்கு. புழுகிட்டயே வரல."

போனை வைக்கும்போது புழுவின் ஒரு பக்கம் முழுக்க மூடியிருந்தது. சுப்ரஜாவிடம் அவள் ஜெயித்துவிட்டதைச் சொல்லி, பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். மறுபக்கம் இன்னும் நெளிந்துகொண்டுதான் இருந்தது.