முதல் மூடி

ஜெரால்ட் கண்ணை மூடின பிறகு எளாவூர் ரோட்டில் அவன் நடத்தின ஓட்டலுக்குப் பூட்டு விழவில்லை. உள்ளே இருந்த பாருக்கு மட்டும் விழுந்தது. சட்டம் அப்படி. சோறு யார் வேண்டுமானாலும் போடலாம். பிராந்தி ஊற்ற வேண்டுமானால் லைசென்ஸில் இருக்கிற பேர்க்காரன் உயிரோடு இருக்கணும். அவன் மண்ணுக்குள் போய்விட்டால், லைசென்ஸ் முதலில் பெண்சாதி பேருக்கு வரணும். அவள் ஆபீசர் முன்னால் நின்று சம்மதம் சொன்னால்தான், விலைக்கு வாங்குகிறவன் பேருக்கு மாறும்.

பெண்சாதி சுகிர்தா சம்மதம் சொல்லித்தான் ஆகணும். மணவாள நகர் வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். வாங்குகிறவன் கொடுத்த முன்பணமோ ஜெரால்டின் ஆஸ்பத்திரிச் செலவுக்கே போய்விட்டது. வாங்குகிறவனும் அன்னியன் இல்லை. ஆரணிப் பக்கத்து அன்புராஜ், பத்து வருஷமாக அதே ஓட்டலில் கல்லாவில் உட்கார்ந்தவன். ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. நிதானம் தவறின ஜெரால்டைத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்து படுக்க வைத்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "திட்டாதீங்க அண்ணி, தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போகிறவன்.

ஆனால் கேளுங்கள் கண்ணுங்களா, ஜெரால்டும் ஒரு காலத்தில் குடிக்காதவன்தான்.

ஆந்திர எல்லைச் செக்போஸ்ட்டில் வரிசை கட்டி நிற்கிற லாரிக்காரர்கள்தான் அந்தக் கடைக்கு வாடிக்கை. அவர்களுக்குப் போலிச் சரக்கு என்றால் குலை நடுங்கும். எங்கேயோ எவனுக்கோ பார்வை போய்விட்டது என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்த நேரம். ஒரு டிரைவர் பாட்டிலைத் திறந்து ஜெரால்டிடம் நீட்டினான். "மொதல்ல நீ குடி. அப்பால நாங்க குடிக்கிறோம்." ஜெரால்ட் சிரித்துக்கொண்டே பாட்டில் மூடியில் ஊற்றி வாயில் விட்டுக்கொண்டான். மறுநாள் இன்னொரு மேஜையிலும் கேட்டார்கள். 'ஓனரே மொத மூடி குடிக்கிற கடை' என்று நெல்லூர் வரைக்கும் பேர் போயிற்று. கூட்டம் அலை மோதிற்று. ஒரு மூடி என்ன பண்ணும்? ஒன்றும் பண்ணாது. ஆனால் ஒரு கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில் திறப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். போகப் போக மூடி இல்லாத நாளில் அவன் கை நடுங்கிற்று. கடைசியில் கண் மஞ்சளாகி, வயிறு பானையாய் வீங்கி, தண்ணீர் இறங்காமல் போய்ச் சேர்ந்தான். குடிகாரன் செத்தான் என்றது ஊர். சுகிர்தா யாரிடம் போய் என்னத்தைச் சொல்வாள்?

ஆபீசுக்குப் போக வேண்டிய வாரம், சாமான்களைப் பார்த்து ஒப்படைக்க அவள் ஓட்டலுக்கு வந்தாள். நாஷ்டா தின்றுகொண்டிருந்த ஒரு நெல்லூர் டிரைவர் கல்லாவைப் பார்த்துக் கத்தினான்.

"ஏம்பா, பாரை எப்ப தொறப்ப? நாக்கு செத்துப் போச்சு."

"பேரு மாறட்டும் நைனா, அடுத்த மாசம் தொறந்துடலாம்" என்றான் அன்புராஜ்.

"பேரு மாறிட்டா ஆச்சா? ஜெரால்டு மாதிரி மொத மூடி யாரு அடிக்கிறது? உன் மூஞ்சிய பாத்தா இன்னும் பால் குடி மறக்காத மாதிரி கீது!"

ஓட்டலே சிரித்தது. அன்புராஜும் சிரித்தான். "அதெல்லாம் அடிப்போம் நைனா. அண்ணன் பேரைக் காப்பாத்த மாட்டமா?"

சுகிர்தா அவனைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டாள். "இன்னா அன்பு, இன்னா பேசற நீ?"

"சும்மா பேச்சுக்கு அண்ணி. வாயில வச்சிக்கினு பின்னால போய்த் துப்பிட்டு வந்துடுவேன்."

"அவரும் அப்படித்தான் சொன்னாரு."

அன்புராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "அத நிறுத்தினா கூட்டம் நிக்காது அண்ணி. நான் சுவரையும் மேஜையையுமா வாங்கறேன்? அண்ணன் எடுத்த பேரைத்தானே வாங்கறேன்."

அவனிடம் சொல்லிப் பயனில்லை, அவன் பெண்சாதி நர்மதாவிடம் சொன்னால் கேட்பாள் என்று அன்றைக்கே ஆரணிக்கு பஸ் ஏறினாள். நர்மதா ஏழு மாதக் கர்ப்பிணி. வந்தவளுக்கு மோர் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாய்க் கேட்டுக்கொண்டாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"வேற யாராச்சும் அதிகமா தரேன்னாங்களாக்கா? இருந்தா நேரா சொல்லிடுங்க."

"ஐயோ, இல்ல நர்மதா."

"எங்க மாமனாரு நெல்லு நிலத்தை வித்துக் குடுத்துக்கீறாரு. இப்ப வந்து பேஜாரு பண்ணாதீங்க. அவருதான் துப்பிடறேன்னாரே, உங்க ஊட்டுக்காரரு மாதிரியே எல்லாரும் இருப்பாங்களா?"

சுகிர்தா மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். பாதிதான் குடித்திருந்தாள்.

திருவள்ளூர் ஆபீசில் இருந்தது ஒரு பெண் அதிகாரி. கடுகடுவென்று பேசுகிறவர் இல்லை. "யாரும் வற்புறுத்தலையே? உங்க முழு சம்மதத்தோடதான் மாத்திக் குடுக்கறீங்களா அம்மா?" என்று கேட்டார். பக்கத்தில் அன்புராஜ் கைகட்டி நின்றான்.

"சம்மதந்தாங்க. அந்த லைசென்ஸ்ல ஒரு வரி மட்டும் சேக்க முடியுங்களா?"

"என்ன வரி?"

"மொத மூடிய ஓனர் குடிக்கக் கூடாதுன்னு."

பக்கத்து மேஜை குமாஸ்தா களுக்கென்று சிரித்துவிட்டான். அதிகாரி அவனை ஒரு பார்வை பார்த்து அடக்கிவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "எத்தனை மணிக்குத் தொறக்கணும், யாருக்கு விக்கக் கூடாதுன்னு விதி இருக்கும்மா. இதுக்கு இல்லையே."

சுகிர்தா கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் அன்புராஜ் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நல்லா இரு என்று சொல்ல வாயெடுத்தவள், அவன் தலையில் கையை மட்டும் வைத்தாள்.

பார் திறந்த அன்றைக்கு அவளையும் கட்டாயம் வரச் சொல்லியிருந்தார்கள். வாசலில் வாழைமரம் கட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். பகல் சாப்பாட்டு வேளைக்கெல்லாம் மேஜைகள் நிறைந்துவிட்டன. அந்த நெல்லூர் டிரைவர் மறக்காமல் வந்திருந்தான். பாட்டிலைத் திருகித் திறந்து, மூடி நிறைய ஊற்றி நீட்டினான். அன்புராஜ் சுகிர்தா பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு வாங்கினான். அவன் தோள் குலுங்கிற்று, இருமினான். கைத்தட்டலில் கூரை பறந்தது. நர்மதாவும் சிரித்துக்கொண்டே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்குள் அடுத்த மேஜையில் ஒரு பாட்டில் திறந்தார்கள், "ஓனர், இங்க வா!" என்று. அங்கே போனான். அதற்கடுத்த மேஜைக்கும் போனான். அங்கே அவன் இருமவில்லை.

நர்மதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே மெல்ல வந்து சுகிர்தாவின் பக்கத்தில் நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அக்கா, அவரு பின்னால போகவே இல்லக்கா. துப்பவே இல்ல."

சுகிர்தா எழுந்து, தன் நாற்காலியில் அவளை உட்கார வைத்தாள்.