மீரான் அண்ணன் கடை மாடி

பெரம்பலூர் கடைவீதியில் பழைய கட்டிடம் என்று சொல்லிக்கொள்ள மீரான் அண்ணன் கடை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மற்றதையெல்லாம் கண்ணாடியும் தகடும் ஒட்டி மூடிவிட்டார்கள். எது ஜவுளிக்கடை, எது ஆஸ்பத்திரி என்று எதிரே வளையல் கடை வைத்திருக்கும் எனக்கே குழம்பும்.

சுண்ணாம்புச் சுவர், தேக்குப் படி, மாடியில் கலர் கண்ணாடி சன்னல். அண்ணனின் தாத்தா பர்மாவிலிருந்து திரும்பி வந்து கட்டியது. கல்யாணமான புதிதில் அண்ணனும் பாத்திமா பீவி அக்காவும் அந்த மாடியில்தான் குடியிருந்தார்கள். பிறகு அண்ணன் ரியாத் போனார், அக்கா லப்பைக்குடிக்காட்டில் இருந்த குடும்ப வீட்டுக்குப் போனார். லீவில் வரும்போதெல்லாம் அண்ணன், "ஒரு செங்கல்லக்கூட தொடக்கூடாது. கடைசியில நாங்க ரெண்டு பேரும் இங்கதான்" என்பார்.

போன வருடம் ரியாதிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அடக்கமும் அங்கேயே. அக்காவால் கடைசியாக அவர் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

அவர்கள் வழக்கத்தில் கணவன் இறந்தால் பெண் நாலு மாதத்துக்கு மேல் இத்தா இருக்க வேண்டும். வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது, வெளி ஆண்களோடு பேச்சு கிடையாது. கொழுந்தனும் அதில் சேர்த்திதான். அந்தச் சமயத்தில் நான் திருமழபாடிக்கு அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பினால், எதிரே வெறும் வானம் தெரிகிறது. கட்டிடம் இருந்த இடத்தில் ஜேசிபி நிற்கிறது.

அண்ணனின் தம்பி இலியாஸை ஒரு பிடி பிடித்தேன். "அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா தம்பி?"

"இத்தாவுல இருக்கறவங்ககிட்ட நான் எப்படிக்கா போயி கேக்கறது? மனசு கலங்கக்கூடாதுன்னு வூட்டுப் பொம்பளைங்களும் சொல்லல. புதுசா கட்டி மதினி கையில சாவியக் குடுத்துட்டா, அவங்க காலத்துக்கும் கவல இல்லாம இருப்பாங்கல்ல."

அவன் நல்லவன். அதுதான் எனக்கு ஆத்திரமே.

விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் முந்திக்கொண்டார். "அவரு கபுரு எங்கயோ கண்காணாத எடத்துல இருக்கு சத்யா. இத்தா முடிஞ்சதும் அந்த மாடிக்குப் போயி உக்காரணும். அங்க இருந்து அவருக்காக துஆ கேக்கணும். எனக்கு வேற எடம் ஏது?" சொல்ல வந்ததைச் சொல்லாமலே கடைக்குத் திரும்பிவிட்டேன்.

இத்தா முடிந்து முதல் காரியமாக இலியாஸின் காரில் கடைவீதிக்கு வந்தார். அவசர அவசரமாக எழுப்பிய கண்ணாடி முகப்பில் அண்ணன் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். இலியாஸ் பூரிப்போடு சாவியை நீட்டினான். அக்கா அதை வாங்கவில்லை. மாடி இருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.

"இடிச்சதையெல்லாம் எங்க தம்பி கொட்டுனீங்க?" என்று மட்டும் கேட்டார்.

பைபாஸ் ஓரத்துப் பள்ளத்தில் என்றான் இலியாஸ். அவன் காரிலேயே என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். சுண்ணாம்புக் கட்டிகளுக்கு நடுவே கருவேலம் முளைத்திருந்தது. அக்கா செருப்பைக் கழற்றினார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கபுருஸ்தானில் அடக்கமானவர்களுக்குச் சொல்வதுபோல் அந்தக் குவியலுக்கு சலாம் சொன்னார். பிறகு இரண்டு கைகளையும் ஏந்தினார்.

இலியாஸுக்கு அப்போதுதான் விளங்கியது. கார் கதவைப் பிடித்துக்கொண்டு தேம்பினான்.

அக்கா திரும்பிப் பார்த்தார். "அங்கயே ஏன் நிக்கிறீங்க தம்பி? வந்து நீங்களும் ஓதுங்க. உங்க அண்ணன்தான்."