அழித்துப் பழகியவர்கள்

ஜெர்மனியிலிருந்து தங்கை கூப்பிட்டபோது ஜெபராணி கிளினிக்கில் கட்டுப்போடும் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தெரியாத நம்பர். எடுப்பதா வேண்டாமா என்று மணி அடித்து ஓயும் மட்டும் யோசித்து, கடைசி நொடியில்தான் எடுத்தாள். சவூதியில், இந்த அல் கோபாரில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறவளுக்குத் தெரியாத நம்பர் என்றாலே பயம்.

"அக்கா, நான்தான், ஷாஜினி. இது கூட வேல பாக்க பிள்ளையோட போன். என் போன போலீசு கொண்டு போயாச்சு."

"ஏட்டி, என்ன சொல்லுக? தொலஞ்சு போச்சா?"

"தொலையல்ல. காலைல நாலு பேரு பேப்பரோட வந்து நின்னாங்க. போனு, லேப்டாப்பு, எல்லாத்தயும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. அக்கா... நம்ம டெனிஷ் போட்டோவாலயாக்கும்."

ஜெபராணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் மகன் டெனிஷுக்கு ஐந்து வயது. அவன் போட்டோவுக்கும் ஜெர்மன் போலீசுக்கும் என்ன சம்பந்தம்? தங்கை விம்மி விம்மிச் சொல்லி முடித்தபோதுதான் விளங்கியது. விளங்கியதும் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்தினாள்.

நடந்தது இவ்வளவுதான். ஐந்து வாரத்துக்கு முன்னால் டெனிஷுக்குத் தொடையிடுக்கில் புண். வியர்த்து, சொறிந்து, சீழ் வைத்துவிட்டது. ஜெபராணியும் நர்ஸ்தான், ஆனால் ஷாஜினி குழந்தைகள் வார்டு நர்ஸ். அந்தக் குடும்பத்தில் எந்தப் பிள்ளைக்கு என்ன வந்தாலும் முதலில் ஷாஜினிக்குப் போட்டோ போகும், டாக்டரிடம் போவதெல்லாம் அப்புறம். ஜெபராணி பையனை ஜட்டியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, இரண்டு படம் எடுத்து அனுப்பினாள். ஷாஜினி களிம்பின் பெயரை எழுதினாள். நாலாம் நாள் புண் ஆறிவிட்டது, எல்லாரும் மறந்தும் விட்டார்கள்.

மறக்காத ஒன்று இருந்தது. ஷாஜினியின் போனுக்கு வருகிற படங்கள் தானாகவே போய்ச் சேரும் இணையச் சேமிப்பில் ஒரு மிஷின், ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பாவி மிஷின் புண்ணைப் பார்க்கவில்லை. துணியில்லாத பிள்ளையைப் பார்த்தது. கம்பெனிக்குச் சொன்னது, கம்பெனி போலீசுக்குச் சொன்னது.

"போட்டோவுக்குக் கீழ எழுதித்தான அனுப்பினேன்? புண்ணுன்னு எழுதினேன், சீழுன்னு எழுதினேன், நீ மருந்து எழுதின. அதக் காட்டு பிள்ளே!"

"எங்கக்கா இருக்கு?"

எங்கே இருக்கும்? இருபத்துநாலு மணி நேரத்தில் செய்தியெல்லாம் தானாக அழியும்படி வைத்திருந்தது அவர்கள் இரண்டு பேரும்தானே. அது கோபார் பழக்கம்; சவூதியில் கிறிஸ்தவக் கூட்டம் நடத்த அனுமதி கிடையாது. அவர்களுடைய வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் புதிதாக யார் சேர்ந்தாலும், கூட்டத்தை நடத்துகிற பிஜு அண்ணன் முதலில் கேட்பது பைபிளை அல்ல, போனை. வாங்கி, அந்த இருபத்துநாலு மணிக் கணக்கை வைத்த பிறகுதான் திருப்பிக் கொடுப்பார். வீட்டுக்குள் அடக்கமாக ஜெபித்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். அதை எழுத்தில் பார்த்தவர் ஒருவருமில்லை. ஆகவே பாட்டு மெதுவாக, செருப்பு கதவுக்கு உள்ளே, போனில் எதுவும் தங்கக் கூடாது. ஷாஜினி மூன்று வருஷம் இங்கே இருந்துவிட்டுப் போனவள். "இங்க ஒருத்தன் நம்ம பேரக் கேக்கணும்னாகூடக் காரணம் சொல்லணும்க்கா" என்று ஜெர்மனியைப் பற்றிப் பெருமையடித்தவளும் அவள்தான். ஆனாலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. எழுத்து அழிந்தது, படம் மட்டும் நின்றது.

"எதுக்கு தெனமும் அழிக்கேன்னு திருப்பித் திருப்பிக் கேக்காங்க. நான் என்னத்தச் சொல்லட்டும்? ஜெபக்கூட்டத்துக்குப் போனேன்னு சொன்னா உங்க எல்லாரையும் காட்டிக் கொடுக்க மாதிரி இருக்கு. வாய மூடிட்டு இருந்தா குத்தவாளி மாதிரி இருக்கு. வார்டுக்கு வராதேன்னு சொல்லியாச்சு. அக்கா, பிள்ளைகளத் தொட்டு வேல பாக்கவ நான். இந்தப் பேரு நின்னா பெறவு எந்த ஊருலயும் எனக்கு வேல இல்ல."

அன்று சாயங்காலம் ஜெபராணி வீட்டுக்கு வந்து சொன்னபோது நேசையன் சட்டையைக்கூட மாற்றாமல் அவள் போனைப் பிடுங்கினான். பைப் கம்பெனி டெக்னீசியன், லேசில் பதறுகிற ஆளில்லை அவள் புருஷன். டெனிஷ் தொட்டியில் குளிக்கிற படம், கடற்கரையில் ஜட்டியோடு ஓடுகிற படம், பிறந்த அன்று எடுத்த படம் என்று ஒவ்வொன்றாக அழித்தான்.

"அழிக்காதீங்க! அழிச்சதாலதான் நமக்கு இந்தக் கதி!" என்று ஜெபராணி கத்திவிட்டு, கத்தியது பக்கத்துப் பிளாட்டுக்குக் கேட்டிருக்குமோ என்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

மறுநாள் ஷாஜினி தன் வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். அந்த மிஷின் நம் படங்களைப் பார்க்கலாமா கூடாதா என்று ஐரோப்பாவின் பார்லிமெண்டில் வருஷக்கணக்காக அடித்துக்கொள்கிறார்களாம். பார்க்காவிட்டால் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியாது என்கிறது ஒரு பக்கம். பார்த்தால் ஒரு வீட்டுக்கும் கதவில்லை என்கிறது மறுபக்கம்.

"அவனுக அடிச்சிக்கிடட்டும். நீ அந்த மிஷின நாலு வார்த்த கேட்டியா?"

"என்னால கேக்க முடியல்லக்கா. எங்க வார்டுல ஒரு பிள்ள கெடந்துது. அப்படி ஒரு போட்டோவ அந்த மாதிரி மிஷின் புடிச்சுத்தான் அதக் கண்டுபிடிச்சு மீட்டாங்க. லைட்ட அணைச்சா அழும். நான்தான் கையப் புடிச்சிட்டு இருப்பேன். அது வேண்டாம்னு எந்த வாயால சொல்லட்டும்?" ஷாஜினி மூக்கை உறிஞ்சினாள். "அன்னைக்கித் தேதியில, புண்ணப் பத்தி எழுதினது ஏதாவது வேணுமாம். இப்ப நீ எழுதிக் கொடுத்தா எடுபடாது. அனுப்பினவ நீ. உன் பேரும் அந்தப் பேப்பர்ல இருக்கு."

மகனின் புண்ணைப் படமெடுத்த தாய்க்கு இந்தப் பேர்! நல்ல கூத்துதான். ஆனால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் வரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அவள் ஜெபக் குரூப்பிலும் எழுதியிருந்தாள்: டெனிஷுக்குத் தொடையில் புண், ஷாஜினிக்குப் போட்டோ அனுப்பியிருக்கிறேன், ஜெபித்துக்கொள்ளுங்கள். அதுவும் மறுநாளே அழிந்திருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பிஜு அண்ணன் ஒவ்வொருவரின் விண்ணப்பத்தையும் போனைப் பார்த்து வாசிப்பாரே, அழிந்ததை எப்படி வாசிப்பார்?

பிஜு ஏசி ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவள் அங்கே போய்க் கேட்டதும் முதலில் இல்லை என்று சாதித்தார். அப்புறம் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"குரூப்புல வருகத ஸ்க்ரீன்ஷாட் படமா எடுத்து வச்சிருக்கேன். மறந்துரக் கூடாதுல்லா. ஒவ்வொருத்தரு கஷ்டத்தையும் பேரு சொல்லி ஜெபிக்கண்டாமா?" எல்லார் போனையும் அழிக்கவைத்த மனுஷர், திருட்டுத்தனம் பிடிபட்டவர் போல முகம் வெளிறினார். "ஆனா அந்தப் பக்கத்துல உன் எழுத்து மட்டும் இல்ல. வெள்ளிக்கெழம யாரு வீடு, எந்த பில்டிங், யாரு யாரு வருகாங்க, நம்பரு, எல்லாம் ஒரே படத்துலயாக்கும் இருக்கு."

"எதக் கொடுத்தாலும் வெட்டாம முழுசாக் கொடுக்கணும்னு வக்கீலு சொல்லியிருக்காங்க அண்ணே. அழிக்கவங்கன்னு ஏற்கெனவே பேரு இருக்கு. வெட்டியும் கொடுத்தா தீந்துது."

"இருவத்திரண்டு பேரு ஜெபராணி. அந்தப் படம் எந்த ஊரு எந்த ஆபீசுக்குப் போவும்னு நமக்குத் தெரியுமா? கேக்காம கொடுக்க எனக்கு உரிமயில்ல."

வெள்ளிக்கிழமை கூட்டம் ஜெபராணி வீட்டில். அவள் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். வாய் திறந்தவள் அக்ஸா ஒருத்திதான். கைப்பிள்ளைக்காரி, ஆறு மாதப் பெண் குழந்தை. புருஷன் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்று ரிக்கில் மாதக்கணக்கில் டூட்டி. பிள்ளை தும்மினாலும் ஜெபராணிக்குப் போட்டோ அனுப்பிக் கேட்கிறவள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அவருக்க இகாமா புதுப்பிக்கக் கொடுத்திருக்கு, அது கெடைக்காட்டி இந்த நாட்டுல தங்க முடியாது. என் பேரு வேண்டாம்க்கா." சொல்லும்போதே பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களும் அதையேதான் சொன்னார்கள், வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். "அப்ப வேண்டாம்" என்றார் பிஜு. ஜெபராணிக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. அவளுக்கிருந்த அதே பயம்தானே அவர்களுக்கும்.

எல்லாரும் கிளம்பிப் போனபின் சமையல் மேடைமேல் ஒரு போன் கிடந்தது. பிஜு அண்ணனுடையது. அதை மறந்து வைக்கிற ஆளே இல்லை அவர். பூட்டும் போடவில்லை, அந்தப் படமும் திறந்தபடி இருந்தது.

ஜெபராணி அதைக் கையில் எடுத்தாள். அக்ஸாவின் பெயர் மேலிருந்து மூன்றாவது வரியில். வக்கீலம்மாவின் விலாசத்தை எழுத்தெழுத்தாக அடித்தாள். இருபத்திரண்டு பேரின் வீட்டுக்கதவை நான் திறந்துவிடப் போகிறேன் என்று நினைத்தாள். வார்டு வாசலில் நிறுத்தி வைக்கப்பட்ட தங்கையை நினைத்தாள். அனுப்பிவிட்டாள்.

கால் மணி நேரத்தில் பிஜு வந்து, "போன மறந்துட்டேன்" என்றார். வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே போனார்.

அடுத்த மூன்று வாரமும் ஜெபராணிக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் மணி அடித்தால் டெனிஷைக் கதவுப்பக்கம் விடமாட்டாள். அப்புறம் ஷாஜினியின் சொந்த நம்பரே திரையில் வந்தது. கேஸை முடித்துவிட்டார்கள். நாலு வரிக் கடிதம். தங்கை சிரித்தாள், அழுதாள், வார்டுக்குப் போனதும் பிள்ளைகள் கேட்டதையெல்லாம் சொன்னாள். இங்கே இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் ஒரு போன் வரவில்லை, ஒருவர் வாசலிலும் யாரும் வந்து நிற்கவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒளித்துவைத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்து பாட அவளால் முடியவில்லை. அந்த வார வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், படத்தை அனுப்பியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். போன் எப்படிக் கிடைத்தது என்று மட்டும் சொல்லவில்லை. ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. சனிக்கிழமை குரூப்பை விட்டு ஆறு பேர் விலகினார்கள், திங்கட்கிழமை பன்னிரண்டு பேர். அக்ஸா செவ்வாய்க்கிழமை. வியாழன் அன்று பிஜு அண்ணனும் போய்விட்டார். குரூப்பில் ஜெபராணியும் நேசையனும் மட்டும் மிஞ்சினார்கள்.

இரண்டு வெள்ளிக்கிழமை அவர்கள் டெனிஷோடு சேர்ந்து மூன்று பேருமாகவே பாய் விரித்து உட்கார்ந்தார்கள். மூன்றாவது வெள்ளிக்கிழமை வாசலில் மணி அடித்தது. நேசையன் பைபிளைச் சோபா மெத்தைக்கு அடியில் தள்ளினான். ஜெபராணி டெனிஷை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடியும் மணி.

"அக்கா. அக்ஸாவாக்கும். கதவத் தொறங்க."

பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். முகம் பேயறைந்தது போல இருந்தது. "போன வீட்டுல வச்சிட்டுதான் வந்தேன்" என்றாள் முதலில். உள்ளே வந்து பிள்ளையைப் பாயில் கிடத்தித் துணியை விலக்கினாள்.

தொடையிடுக்கில் ஆரம்பித்த சிவப்பு அடிவயிறு வரை ஏறியிருந்தது. தோல் பளபளவென்று வீங்கியிருந்தது. ஜெபராணி புறங்கையை வைத்துப் பார்த்தாள். கொதித்தது.

"எத்தன நாளாச்சு?"

"ஆறு நாளு. மொதல்ல சின்ன பொட்டாத்தான் இருந்துது. உங்களுக்கு அனுப்பணும்னு போன எடுத்தேன்க்கா, துணிய வெலக்கினேன். கை வரல்ல. மறுநாளும் எடுத்தேன். அப்பவும் பயம். அவரும் ரிக்குல. உங்க மேல கோவமும் இருந்துது. இன்னைக்கி பால் குடிக்க மாட்டேங்கா, அதான் பிள்ளையவே தூக்கிட்டு வந்தேன்."

பிள்ளை அழவே இல்லை. கண்ணைப் பாதி திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நர்ஸுக்குத் தெரியும், அழுகிற பிள்ளையைவிட அழாத பிள்ளைதான் பயம். முதல் நாள் ஒரு படம் வந்திருந்தால் ஒரு களிம்போடு போயிருக்கும்.

"இஞ்ச பாருங்க, வண்டிய எடுங்க! சீக்கிரம்!"

நேசையன் சாவியை எடுத்துக்கொண்டு படியில் ஓடினான். ஜெபராணி பிள்ளையை வாரி எடுத்தாள். வாசலில் அக்ஸா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, ஆஸ்பத்திரில போட்டோ எடுப்பாங்களா?"

"எடுக்கட்டும் பிள்ளே, எடுத்தா எடுக்கட்டும்!" என்றாள் ஜெபராணி. பிள்ளையின் தலை தோளில் துவண்டு கிடக்க, செருப்பைக்கூடப் போடாமல் கீழே ஓடினாள்.