மூன்றாவது எட்டு

ஈரச் சேலை காலோடு ஒட்டி ஒட்டிப் பிரிய அவள் போய்க்கொண்டிருக்கிறாள், ஒரு கையில் அவன் கொடுத்த புதுச் சேலை, மறு கையில் ஆறேழு வயது மகள், ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் வைக்கிற எட்டுகளை ஆசீர் எண்ணுகிறான், தூத்துக்குடி ஜவுளிக்கடையிலேயே வளர்ந்தவனுக்கு இது தெரியாதா, விலை படியாமல் வேண்டாமென்று இறங்குகிற ஆள் மூன்றாவது எட்டில் திரும்பும், அதற்குமுன் கூப்பிட்டவன் கெட்டான், அவன் அப்பா பேசாமல் கண்ணாலேயே சொல்லித்தந்த பாடம், அவள் திரும்பவில்லை, நாலு, ஐந்து, சவுக்கு மரங்களுக்குள் வெள்ளை வெயில், எத்தனை வருஷமாக எண்ணுகிறான், இன்றைக்கும் யாராவது கடைப்படி இறங்கினால் நாக்கு தானாக எண்ணுகிறது.

அது தொண்ணூறாம் வருஷம், சண்டைக்குத் தப்பி மன்னாரிலிருந்து படகு படகாகச் சனம் வந்து இறங்கிய கடற்கரை முகாம், சபையில் சேர்த்த துணி பத்து மூட்டை, ஆள் பார்த்துக் கொடுக்கத் தெரிந்தவன் என்று ஆசீரை முன்னால் உட்காரவைத்தார் உபதேசியார் யோபுதாஸ், ஆண்டவரே, வருகிற ஒவ்வொருவரிலும் உம்மையே காட்டும் என்று காலையில் ஜெபம் பண்ணியதும் ஆசீர்தான், நல்ல கனத்த குரல், ஆமென் சொன்னவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அப்புறம் வரிசை, தலைக்கு ஒரு துணி, ஆள் நேரில் வரவேண்டும், இல்லாவிட்டால் ஒரே குடும்பத்துக்கு நாலு போய்க் கடைசியில் நிற்பவன் வெறுங்கையோடு போவான், அந்தச் சட்டமும் அவன் போட்டதுதான், ஓசியில குடுக்கதுக்கும் பேரம் பேசுதீரேவே என்று உபதேசியார் சிரித்தார், ஆசீரும் சிரித்தான்.

அவள் சேலையை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள், அண்ணை, என்ர மனுசனுக்கும் ஒரு சாரம் தாங்கோ, ஆளக் கூட்டிட்டு வாம்மா, தாரேன், அவர் வரேலாது அண்ணை, ஏன், காலுக்கு எதுவும் ஆயிட்டா, அவள் மகளைப் பார்த்தாள், மகள்தான் சொன்னாள், அப்பா நித்திரை, ஆசீருக்குச் சிரிப்பு வந்தது, இந்தச் சரக்கை எத்தனை பேர் நம்மிடம் விற்றிருக்கிறார்கள், வரிசைக்கும் கேட்கட்டுமென்று குரலை உயர்த்தினான், வெயிலு இந்த ஏறு ஏறிட்டு, இன்னும் என்ன தாயி உறக்கம், எழுப்பிக் கூட்டிட்டு வா, பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள், உயரம் எப்படி என்று சும்மா ஒரு கேள்வியும் போட்டுவைத்தான், கொடுக்கப்போகிறவன்போலக் கேட்டால் பொய் தடுமாறும், அவள் அவனை உச்சியிலிருந்து பாதம்வரை நிதானமாகப் பார்த்தாள், உங்கட உயரந்தான் என்றாள், நடந்தாள்.

ஐந்து வரை எண்ணியிருப்பான், அடுத்து நின்ற பெண் குனிந்து தணிந்த குரலில் சொன்னாள், அண்ணை, அவளின்ர மனுசன் படகிலயே செத்துப்போனான், பிள்ளைக்கு இன்னும் சொல்லேல்லை, சவுக்கங்காட்டுக்குள்ள கிடத்தியிருக்கு, போர்த்தக் கேட்டவள், ஆசீர் எழுந்துவிட்டான், எழுந்தவன் ஓடினானா, இல்லை, மூட்டையைக் கலைத்தான், அந்த அவசரத்திலும் கை சாயம் போகாத கைலி ஒன்றைத் தடவித் தடவித் தேடியது, விரல்களுக்கு வேறென்ன தெரியும், அதில் போன நேரம் போதும், அவன் மூச்சுவாங்கப் போய் நின்றபோது புதுச் சேலை முழுவதும் இறந்தவன்மேல் சுற்றியாகிவிட்டது, அவள் அதே ஈரத்தில், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மகள் அடையாளம் கண்டு முறையிட்டாள், நான் எழுப்பினனான் மாமா, எழும்புறாரில்லை.

மன்னிச்சிரும்மா என்று சொன்னதாக ஒரு நினைவு, சொல்லவில்லை என்று ஒரு நினைவு, அவள் சாரத்தை அவன் கையிலிருந்து எடுத்து, கால் வெளியில தெரியுது என்று மட்டும் சொல்லிப் பாதத்தை மூடினாள், ஜெபம் பண்ணும்வே என்கிறார் உபதேசியார், காலைக் குரலைத் தேடுகிறான் ஆசீர், யாரைக் காட்டும் என்று கேட்டானோ அவரைத்தான் எழுப்பிக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறான், கடைசியில் உபதேசியாரே ஜெபித்தார், குழியில் இறக்கி மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

பிறகு அவள் போகிறாள், சேலை காய்ந்து உப்புப் பூத்துவிட்டது, அவளுக்கு இனி யாரிடமும் கேட்க ஒன்றுமில்லை, அவன் எண்ணவில்லை, எண்ணக்கூடாதென்று பல்லைக் கடித்து நிற்கிறான், மூன்றாவது எட்டில் மகள் திரும்பினாள், அவனை அல்ல, அவனுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டைப் பார்த்தாள், யாரோ எழுந்து வரட்டுமென்று தாயின் கையை இழுத்து நிறுத்திக்கொண்டு பார்த்தாள், அவளோடு சேர்ந்து ஆசீரும் திரும்பிப் பார்த்தான், பார்த்துக்கொண்டிருக்கிறான்.